கார்டு என்றால் காவலாளி அல்ல

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூரின் தேக்காவை ஒட்டிய கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு மாலை அந்த வட்டாரம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், எனக்கு நான்கைந்து ஆண்டுப் பழக்கம், தன் கைப்பேசியை மேசைமேல் தள்ளினார். வேலையிடத்தில் கருவிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஆங்கிலம், சீனம், வங்காளம், தமிழ் என்று நான்கு மொழிகள். தமிழில் இப்படி எழுதியிருந்தது: “காவலாளி இல்லாமல் இந்த இயந்திரத்தை இயக்கக் கூடாது.”

“என்னக்கா இது? கிரைண்டர் பிடிக்கிறப்ப வாட்ச்மேன் வந்து பக்கத்துல நிக்கணுமா?”

மேலே இருந்த ஆங்கில வரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இரும்பு வெட்டும் கிரைண்டரில் சுற்றும் வட்டத் தகட்டின் பாதியை மூடியபடி பிறை வடிவில் ஓர் இரும்பு மூடி இருக்கும். வேலையிடத்தில் அதைத்தான் கார்டு (guard) என்பார்கள். தகடு உடைந்து தெறித்தால் துண்டுகள் முகத்தில் பாயாமல் தடுப்பது அந்த மூடிதான். இடுக்கான இடத்தில் வெட்டும்போது இடிக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைத் தடுக்கத்தான் அந்த அறிவிப்பு. ஆங்கிலத்தில் மூடிக்கும் காவலாளிக்கும் ஒரே சொல். மொழிபெயர்த்த இயந்திரம் இரண்டில் தவறானதைப் பொறுக்கி எடுத்துவிட்டது.

தம்பி பத்து ஆண்டு வேலை பார்த்தவர். அவருக்கு அது வேடிக்கை. போன மாதம் விமானத்தில் வந்து இறங்கிய பையனுக்கு? ஆங்கில வரி அவனுக்கு எட்டாது, தமிழ் வரியோ காவலாளியைத் தேடச் சொல்கிறது. யார் மொழிபெயர்த்தது என்று விசாரித்தேன். அலுவலகத்தில் ஒருவர் ஆங்கிலத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டு, வந்ததை அப்படியே அச்சடித்து ஒட்டியிருக்கிறார். தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணில்கூட அது படவில்லை. எந்த நிறுவனம், எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. எங்கும் நடக்கக்கூடியதுதான்.

நான் பகுதிநேர மொழிபெயர்ப்பாளர். பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். பழைய மொழிபெயர்ப்புக் கருவிகள் தந்த தமிழ், பார்த்த உடனேயே பல்லிளிக்கும். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை இன்னொரு பக்கம். யாரும் நம்ப மாட்டார்கள். இந்த வாக்கியத்தில் அப்படி ஒரு குறையும் இல்லை. ஒற்றுப்பிழை இல்லை. என் தமிழாசிரியர் பார்த்திருந்தாலும் சிவப்பு மையைத் தொட்டிருக்க மாட்டார். அதுதான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. பிழை இப்போது நல்ல தமிழில் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாள்களில் தம்பிக்கு வேலை, தீவின் மேற்கே எழும்பிக்கொண்டிருந்த ஒரு தரவு நிலையத்தில். கேபிள் செல்லும் தட்டுகளை அளந்து வெட்டுவது. இந்தச் செயலிகளெல்லாம் ஓடுகிற கணினிகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பவர் அவர்தான்.

*

2025 ஜனவரியை நினைத்துப் பார்க்கிறேன். 20ஆம் தேதி, சீனாவின் ஹாங்ஜோ நகரத்து டீப்சீக் நிறுவனம் ஆர்1 என்ற மாதிரியை வெளியிட்டது. மாதிரி என்பது இந்தச் செயலிகளுக்குள் இருக்கும் மூளை. மறுநாள் வெள்ளை மாளிகையில் சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ, சாஃப்ட்பேங்க், ஆரக்கிள் நிறுவனங்களின் தலைவர்கள் நின்றுகொண்டு, நான்கு ஆண்டுகளில் 500 பில்லியன் டாலர் செலவில் தரவு நிலையங்கள் கட்டப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, 27ஆம் தேதி, நியூயார்க் பங்குச் சந்தையில், இந்த மாதிரிகளுக்கான கணினிச் சில்லுகளைச் செய்யும் என்விடியாவின் மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 589 பில்லியன் டாலர் சரிந்தது. நமக்கு விடிந்தபோது சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஈரச்சந்தையில் மீன் வாங்க வரிசையில் நின்றவர்கள் கைப்பேசியில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தையை உலுக்கியது ஒரு செலவுக் கணக்குதான். டீப்சீக் தன் முந்தைய மாதிரியான வி3யின் பயிற்சிக்குச் சொன்ன கணக்கு ஏறத்தாழ 5.6 மில்லியன் டாலர். அது கடைசிப் பயிற்சி ஓட்டத்துக்கு மட்டுமான செலவு. அதற்கு முந்தைய ஆய்வுகளும் தோல்விகளும் சம்பளமும் அதில் சேராது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பயன்படுத்திய சில்லுகள் 2,048. அவை எச்800 வகை. 2022 அக்டோபரில் அமெரிக்கா விதித்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும்படி சீனாவுக்கென்றே என்விடியா வேகம் குறைத்துச் செய்தவை. அடுத்த ஆண்டு அவற்றுக்கும் தடை வந்தது. கையில் இருப்பதை வைத்துச் சமைக்கத் தெரிந்தவர்கள் சமைத்தார்கள்.

அந்த வாரம் எல்லோரும் அமெரிக்காவா சீனாவா என்றுதான் பேசினார்கள். என் கண்ணில் பட்டது வேறு. ஆர்1ஐ எம்ஐடி உரிமத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம் என்று திறந்துவிட்டார்கள். மெட்டா நிறுவனம் தன் லாமா மாதிரியைத் திறந்துவிட்டபோது பாதி திறந்த கதவு இப்போது இன்னும் அகலமாகத் திறந்தது. பெரியவர்கள் இருவர் மோதுகிற வேகத்தில் மேசையிலிருந்து சிந்துவதை வைத்துச் சின்னவர்கள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நிலை.

சிங்கப்பூர் இந்த மோதலின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக நாடுகளைச் சில்லு வாங்கும் தகுதியின்படி மூன்று அடுக்காகப் பிரித்தபோது, நாமும் இந்தியாவும் நடு அடுக்கில். மே மாதம் அந்த விதியே கைவிடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி இறுதியில், சில்லுகள் பொருத்திய கணினிகள் யாருக்குப் போகின்றன என்று விற்பனையாளரிடம் பொய் சொன்னதாக மூன்று பேர்மீது இங்கே மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது. அந்தக் கணினிகள் இங்கிருந்து மலேசியாவுக்குப் போனதாக அமைச்சர் கா. சண்முகம் செய்தியாளர்களிடம் சொன்னார். மின்சாரமும் நம் தீவில் அளவோடுதான். 2020இல் நாட்டின் மின் நுகர்வில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே போனது. புதியவற்றுக்கு 2019 முதல் 2022 வரை அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கட்ட இடம் கிடைக்காதவர்கள் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனார்கள்.

சில்லு, மின்சாரம், பணம் என்று மூன்றிலும் நாம் பெரியவர்களோடு ஓட முடியாது. ஓட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

*

மொழிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த மாதிரிகள் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக, அதாவது டோக்கன்களாக, வெட்டிக்கொண்டுதான் படிக்கின்றன. எந்த மொழி எழுத்து அதிகமாகக் கண்ணில் படுகிறதோ, அந்த மொழிக்குப் பெரிய பெரிய துண்டுகள் கிடைக்கும். ஆங்கிலத்தில் பல சொற்கள் முழுசாக ஒரே துண்டு. தமிழுக்கு நிலைமை வேறு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பொதுவாக மூன்று பைட் பிடிக்கும். ‘வணக்கம்’ என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள், அதாவது 21 பைட். தமிழை அதிகம் பார்த்திராத மாதிரிகள், புட்டுக் குழாயிலிருந்து விழுந்து உதிர்ந்த புட்டைப் பொறுக்குவதுபோல் அதைத் துகள் துகளாகப் பொறுக்கிப் படித்தன.

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வெளிவந்தபோது ஓப்பன்ஏஐ ஒரு சிறு அட்டவணை தந்தது. தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் ஒரே வாசகத்தை இருபது மொழிகளில் எழுதி, பழைய முறையில் எத்தனை துண்டு, புதிய முறையில் எத்தனை துண்டு என்று காட்டியது. தமிழுக்கு முன்பு 116, பிறகு 35. ஆங்கிலத்துக்கு 27, பிறகு 24. சேவைகள் டோக்கன் கணக்கில்தான் நிறுவனங்களிடம் காசு வாங்குகின்றன. ஆக, அந்த வாசகத்தைப் பொறுத்தவரை 2024 மே வரை ஆங்கிலத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் தமிழுக்குச் செலவு, அதே அளவுக்கு வேகமும் குறைவு. ஒரு மேம்பாட்டில் அது ஒன்றரை மடங்குக்குக் கீழே இறங்கியது.

போட்டியினால் நமக்குக் கிடைத்த நன்மை இதுதான். இதை நான் மனமாரச் சொல்கிறேன். எட்டுக் கோடித் தமிழர்கள்மீது இந்த நிறுவனங்களுக்குத் திடீரென்று பாசம் பிறந்துவிடவில்லை. வளர்கிற சந்தைகளில் அடுத்த வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் பேசமாட்டார் என்று தெரிந்துகொண்டார்கள். முந்திக்கொள்ள ஆளாளுக்குத் துடித்தார்கள். அலிபாபாவின் குவென்3, 2025 ஏப்ரலில் 119 மொழி, வட்டார வழக்குகளோடு வந்தது. தமிழும் அதில் உண்டு. மெட்டாவின் லாமா 2, 2023இல் வந்தபோது அதன் பயிற்சித் தரவில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆங்கிலம் என்பதை நினைத்தால் தூரம் புரியும்.

ஆனால் துண்டின் விலை குறைந்ததால் கார்டின் பொருள் சரியாகிவிடவில்லை.

*

தென்கிழக்காசிய மொழிகளுக்காக ஏஐ சிங்கப்பூர் அமைப்பு உருவாக்கிய சீ-லயன் மாதிரியைப் பற்றித் தமிழ் நண்பர்களிடம் பேசினால் பாதிப் பேர் பெயரே கேட்டதில்லை என்பார்கள். 2023 டிசம்பரில் 70 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளித் திட்டமாக அரசாங்கம் இதை அறிவித்தது. வெள்ளை மாளிகையில் சொன்ன 500 பில்லியனுக்கு முன்னால் இது மோர்க் குழம்பில் போட்ட உப்பு அளவுதான். முதல் பதிப்பிலேயே பதினொரு மொழிகள், தமிழும் சேர்த்து. இந்தோனீசியா, தாய், வியட்நாம் என்று போகும் பட்டியலில் தமிழ் எப்படி வந்தது? இந்தத் தீவில் தமிழ் அதிகாரத்துவ மொழி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். அதற்குப் பத்து ஆண்டுக்கு முன் அது 3.3. நாளுக்கு நாள் சுருங்கும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, சட்டத்தில் கிடைத்த இடத்தினால் ஒரு நாட்டின் மாதிரிக்குள் நாம் நுழைந்திருக்கிறோம்.

முதல் பதிப்பை அடியிலிருந்து தாங்களே பயிற்றுவித்தார்கள். பிறகு அந்த வழியை விட்டார்கள். லாமாவின்மீது கட்டினார்கள், கூகலின் ஜெம்மாமீது கட்டினார்கள், 2025 நவம்பரில் குவென்மீதும் ஒன்றைக் கட்டினார்கள். அப்போது சில செய்திகள் இதைச் சிங்கப்பூர் சீனாப் பக்கம் சாய்வதாக எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிராங்கூன் சாலை நகைக்கடைக்குத் தங்கம் எங்கிருந்து வந்தால் என்ன? உரைத்துப் பார்க்கிற கல் கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். அவர் கண் அதைப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும். துபாய்க்காரர் சொன்னார், சுவிஸ்காரர் சொன்னார் என்று உரைக்காமல் வாங்கினால்தான் கடை போகும்.

அந்த உரைகல் வேலையும் இங்கே நடந்திருக்கிறது. 2023இலேயே ஏஐ சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பாஷா என்ற சோதனைத் தொகுப்பைச் செய்தார்கள். இந்தோனீசிய மொழிக்கும் தமிழுக்கும் மொழியறிந்தவர்கள் கையால் எழுதிய இலக்கணச் சோதனைகள் அதில் இருந்தன. இன்று பல நாட்டு மாதிரிகளையும் தென்கிழக்காசிய மொழிகளில் சோதித்து வரிசைப்படுத்தும் சீ-ஹெல்ம் பட்டியலில் தமிழுக்கு ஒரு தனி இடம் உண்டு. மாதிரியைவிட இந்தச் சோதனைகள்தான் எனக்குப் பெரிய சொத்தாகப் படுகின்றன. மாதிரி ஆறு மாதத்தில் பழசாகிவிடும். நல்ல கேள்வித்தாள் பத்து ஆண்டு நிற்கும்.

ஆனால் அந்தக் கேள்வித்தாளில் கிரைண்டர் இருக்காது. பள்ளித் தமிழும் செய்தித்தாள் தமிழும் மட்டுமே இருந்தால், தொழிலாளர் விடுதியான டார்மில் பேசும் தமிழ் எங்கே சோதிக்கப்படும்? ‘ஓடி’ (OT, கூடுதல் நேர வேலை), ‘லெவி’ (வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வை), ‘பெர்மிட்’, ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’ (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்), ‘சேஃப்டி பெல்ட்’ எல்லாம் இந்த ஊர்த் தமிழ்ச் சொற்கள்தான். எத்தனையோ ஆயிரம் பேர் தினமும் உயிரைப் பணயம் வைத்துப் பேசும் சொற்கள்.

*

நம் ஊருக்கு இது புதிதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். 1990களில் கணினித் திரையில் தமிழ் தெரிவதே பெரும்பாடு. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொரு கணினியில் திறந்தால் குப்பைக் குறிகளாகக் கொட்டும். யாரோ அமெரிக்காவில் சரிசெய்து தருவார்கள் என்று இங்கிருந்தவர்கள் காத்திருக்கவில்லை. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளோடு உழைத்தார். 1997 மே மாதம் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 2000இல் மாநாடு மறுபடி இங்கே கூடியபோது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. கோவிந்தசாமி 1999இலேயே மறைந்துவிட்டார். சிறிய ஊரில் சில பேர் சேர்ந்து, உலகத் தமிழர் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள்.

இன்றைய கேள்வியில் சிக்கல் கூடுதல். 2024இல், உள்நாட்டு மாதிரிக்குப் பயிற்சியளிக்க உங்கள் படைப்புகளைத் தருவீர்களா என்று இங்குள்ள எழுத்தாளர்களிடம் ஒரு கருத்தாய்வு வந்தது. பலர் மறுத்தார்கள். என்ன ஈடு, என்ன பாதுகாப்பு என்று தெளிவில்லை என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் தமிழ் எழுத்தாளர்கள் விஷயத்தில் எனக்கு மனம் இரண்டாகிறது. 2015இல் தன்னார்வலர்கள் சேர்ந்து சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கி, நாட்டின் பொன்விழா அன்பளிப்பாகத் தேசிய நூலகத்திடம் தந்தார்களே, அவற்றை ஒரு மாதிரி படிக்கவே இல்லை என்றால் சிங்கப்பூர்த் தமிழ் என்று ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாமல் போகும். எல்லாவற்றையும் சென்னைத் தொலைக்காட்சித் தமிழில் பேசும். கொடுங்கள் என்றே சொல்வேன். சும்மா கொடுக்காதீர்கள், எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

சும்மா என்றதும் நினைவுக்கு வருகிறது. தம்பி ஒரு நாள் சொன்னார். “ஊர்ல என் தங்கச்சி மகனுக்கு ஜியோவுலயே ஏஐ ஃப்ரீயா குடுத்துட்டாங்கக்கா. பாடமெல்லாம் அதுலதான் கேக்குறான்.” 2025இல் இந்தியாவில் அப்படித்தான் நடந்தது. ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி என்ற செயலி, ஜியோவுக்கு கூகலின் ஜெமினி, ஓப்பன்ஏஐயின் 399 ரூபாய்த் திட்டம் ஓராண்டுக்கு இலவசம். 2016இல் ஜியோ டேட்டாவைச் சும்மா கொடுத்து ஊரையே பழக்கியதுபோல் இப்போது இது. அந்தப் பையன் படிக்கட்டும். கிராமத்துப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குச் சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியர் கிடைத்தால் நான் ஏன் வருத்தப்பட வேண்டும்? ஆனால் பல சேவைகளில், செட்டிங்ஸுக்குள் போய் நிறுத்தி வைக்காவிட்டால் நாம் பேசுவது அடுத்த பயிற்சிக்குப் போகலாம். தன் பேச்சு இன்னொருவருக்குக் கச்சாப் பொருள் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? இந்திய அரசு 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாயில் இந்தியா-ஏஐ இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழித் தரவுகளை ஆண்டுக்கணக்காகச் சேர்த்துத் திறந்த வெளியில் வைக்கிறது. நான் அதிகம் நம்புவது இப்படிப்பட்ட வேலைகளைத்தான்.

*

அந்த அறிவிப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தம்பி மறுநாள் தன் மேற்பார்வையாளரிடம் காட்டியிருக்கிறார். நான் எழுதிக்கொடுத்த திருத்தத்தை அச்சடித்து ஒட்டினார்கள். அவ்வளவுதான், ஒரு வாரம்கூட ஆகவில்லை. திருத்துவது இவ்வளவு எளிது என்பதே எனக்குக் கோபத்தைத் தந்தது.

அதன் பிறகு நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். மாதம் இரண்டு ஞாயிறு, அதே கடையில். தம்பியும் அவருடைய அறை நண்பர்கள் மூன்று பேரும். ஒருவர் பற்றவைப்பு, ஒருவர் சாரம் கட்டுபவர், ஒருவர் மின்வேலை. வேலையிடத்தில் அவர்கள் பார்க்கும் ஒவ்வோர் ஆங்கில எச்சரிக்கையையும் எழுதி, அதை அவர்கள் வாயால் எப்படிச் சொல்வார்கள் என்று பக்கத்தில் எழுதுகிறோம். பிறகு அதே வரியை என் மடிக்கணினியில் அமெரிக்க மாதிரி ஒன்று, சீன மாதிரி ஒன்று, நம்மூர் மாதிரி ஒன்று என்று மூன்றிடமும் கேட்கிறோம். இதுவரை 140 வரிகள். மூன்றுமே சில இடங்களில் அசத்துகின்றன, சில இடங்களில் சறுக்குகின்றன. ஒன்று சறுக்கும் இடத்தில் இன்னொன்று சறுக்குவதில்லை. 300 வரி சேர்ந்ததும் சோதனைத் தொகுப்புகள் செய்பவர்களுக்கு எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன், எடுத்துக்கொள்கிறீர்களா என்று.

போன முறை முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனோம். கார்டுக்கு நான் ‘காப்புமூடி’ என்று எழுதி வைத்திருந்தேன். நல்ல சொல் என்று எனக்குள் ஒரு பெருமை.

சாரம் கட்டுபவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “அக்கா, இத யாரும் சொல்ல மாட்டாங்க. கார்டுன்னே எழுதுங்க. பக்கத்துல ஒரு படம் போட்டுருங்க.”

“அப்ப புதுசா வர்றவனுக்கு?” என்றார் தம்பி. “அவனுக்குக் கார்டுன்னா என்னன்னே தெரியாதுல்ல. அக்கா எழுதுனதும் இருக்கட்டும்.”

அரை மணி நேரம் பேசினார்கள். தே தாரிக் ஆறிப்போனது. கடைசியில் இரண்டையும் எழுதினோம், மின்வேலைத் தம்பி பக்கத்தில் கிரைண்டரை வரைந்தார். அவர் வரைந்த கைப்பிடியைப் பார்த்துவிட்டு, அது இடது பக்கம் இருக்க வேண்டும் என்று மற்ற மூவரும் அழிப்பானைத் தேட ஆரம்பித்தார்கள்.